முத்துக்குளித்தவன் என்ன உண்டான்?

“சோறு தின்பவனுக்கு இந்த வெயில் தாங்காது.”

ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், ஷார்ஜாவின் எல்லையில் இருந்த ஒரு கட்டட வேலைத்தளத்திலே, சாரக்கட்டின் இரண்டாம் தட்டில் மயங்கி விழுந்த வவுனியாப் பக்கத்து நண்பர் ஒருவரை நாம் தூக்கி நிழலிற் கிடத்தியபோது, எமது மேற்பார்வையாளர் சொன்ன சொல் இது. அவர் கெட்ட மனிதர் அல்லர். தண்ணீரை ஓடிப்போய்க் கொண்டுவந்தவரும் அவரே. தாம் நம்பியதைச் சொன்னார். இறைச்சி உண்பவன் வலியவன், அரிசி உண்பவன் மெலியவன் என்ற அந்த நம்பிக்கை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பன்று. அதற்குப் பின்னால் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களும், சிறைச்சாலை ஏடுகளும், இராணுவ ஆட்சேர்ப்பு விதிகளும், ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கைகளும் இருந்தன என்பதை நான் வெகு காலம் கழித்தே அறிந்துகொண்டேன்.

இன்று புலம்பெயர்ந்த நம் வீடுகளில் அதே நம்பிக்கை வேறு உடுப்பில் வந்து நிற்கின்றது. உடற்பயிற்சிக்கூடம் போகும் மகன் ஐந்து கிலோ புரதத்தூள் பேணியைச் சமையலறைத் தட்டில் வைத்துவிட்டு, தாய் சமைத்த சோற்றையும் பருப்பையும் ஏளனமாகப் பார்க்கின்றான். கட்டாரிலும் டுபாயிலும் உழைக்கும் தம்பிமாரோ “இங்கே சத்தான சாப்பாடு இல்லை” என்று தொலைபேசியில் சொல்ல, கேட்கும் அக்காமார் கலங்குகின்றார்கள். ஆகவே புரதம் என்ற இந்தப் பொருளும் மனித வலு என்ற எண்ணமும் எவ்வாறு ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டன என்பதை, வளைகுடாவை நடுவில் வைத்துப் பார்ப்பது பயனுடையதாகும்.

முதலாவது என்று பொருள்படும் ஒரு சொல்

1838ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் கெராடுஸ் முல்டர், முட்டை வெண்கரு, இரத்தம், கோதுமை ஆகியவற்றில் பொதுவாகக் காணப்பட்ட நைதரசன் நிறைந்த பொருளுக்கு ‘புரோட்டீன்’ எனப் பெயரிட்டார். பெயரை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் சுவீடன் நாட்டின் பெர்சீலியஸ். கிரேக்க மொழியில் முதன்மையானது என்ற கருத்தைத் தருவது அச்சொல். பெயரிலேயே முடிசூட்டப்பட்ட பின்னர் அதனை யார் கீழிறக்குவார்?

அக்காலத்தின் மிகப் பெரும் இரசாயன அறிஞரான ஜேர்மனியின் யுஸ்டுஸ் பொன் லீபிக் ஒரு படி மேலே சென்றார். தசை வேலை செய்யும்போது தசையே எரிந்து தீர்கின்றது. எரிந்த தசையை ஈடுசெய்ய வல்லது புரதம் மட்டுமே. எனவே உழைப்பவனுக்கு இறைச்சி இன்றியமையாதது. இதுவே அவர் கோட்பாடு. கேட்பதற்கு எவ்வளவு நேர்த்தி! அதன் தொடர்ச்சியாக 1865இல் அவர் பெயரைத் தாங்கிய கம்பனி ஒன்று உருவாகி, தென்னமெரிக்காவின் உருகுவே நாட்டில் பிரே பென்ரோஸ் என்னும் ஊரில் மாடுகளை அறுத்து, சாற்றைக் காய்ச்சி, குழம்பாக்கிப் போத்தலில் அடைத்து உலகெங்கும் விற்றது. அந்தச் சாற்றில் உண்மையான புரதம் மிகச் சொற்பம் என்பதுதான் வேடிக்கை. இலண்டனில் வாழும் வாசகர்கள் கடைத்தட்டில் காணும் ‘ஒக்ஸோ’ கட்டி அந்தக் கம்பனியின் வழிவந்த பொருளே.

லீபிக்கின் கோட்பாட்டை உடைத்த சோதனை நடந்த இடம் நம்மவர் பலருக்கு நன்கு பழக்கமான மாநிலத்தில் இருக்கின்றது. சுவிற்சர்லாந்தின் பேர்ண் மாநிலத்தில், பிரியென்ஸ் ஏரிக்கரையிலிருந்து எழும் பவுல்ஹோர்ன் மலையில் 1865ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் இரு பேராசிரியர்கள் ஏறினர். ஒருவர் அடொல்ப் பிக். மற்றவர் யொஹானஸ் விஸ்லிசேனுஸ். இருவரும் சூரிச்சில் கற்பித்தவர்கள். ஏறுவதற்கு முந்திய நாளிலிருந்தே அவர்கள் மாப்பொருள், கொழுப்பு, சீனி ஆகியவற்றால் செய்த பண்டங்களை மட்டும் உண்டனர். புரதம் அறவே இல்லை. தம் சிறுநீரை எல்லாம் சேகரித்து அதிலிருந்த நைதரசனை அளந்தனர். ஏறத்தாழ இரண்டாயிரம் மீற்றர் உயரம் தம் உடலைத் தூக்கிச் செல்லத் தேவைப்பட்ட வலு ஒரு புறம். அந்நேரத்தில் உடலில் எரிந்த புரதத்தால் கிடைத்திருக்கக்கூடிய வலு மறு புறம். இரண்டாவது, முதலாவதற்கு அருகில்கூட வரவில்லை. தசை தன்னைத்தானே எரித்து உழைப்பதில்லை. மாவையும் கொழுப்பையும் எரித்தே உழைக்கின்றது என்பது தெளிவாயிற்று.

ஆயினும் ஒரு கோட்பாடு தோற்றுப்போவது வேறு. அதன் பழக்கம் ஒழிவது வேறு. மூனிச் நகரின் கார்ல் போய்ற், உழைக்கும் மனிதனுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் வேண்டும் என விதித்தார். அமெரிக்காவின் அட்வாட்டர் அதை 125 ஆக்கினார். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? நல்ல கூலி பெற்ற தொழிலாளர் உண்மையில் எதை உண்டனர் என்று பார்த்து, உண்டதையே தேவை என்று எழுதிவிட்டனர். பணம் உள்ளவன் தட்டு, பணம் இல்லாதவனுக்கு அளவுகோல் ஆயிற்று. 1904இல் யேல் பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் சிற்றெண்டன், படைவீரர்களையும் மாணவ விளையாட்டு வீரர்களையும் தம்மையுமே சோதனைக்கு உட்படுத்தி, போய்ற் சொன்னதில் பாதியளவு புரதத்தோடு மாதக்கணக்கில் வாழ்ந்தும் வலு குறையவில்லை எனக் காட்டினார். கேட்டவர் சிலர், கேளாதவர் பலர்.

கல்கத்தாவில் ஒரு நூல்

கேளாதவர்களில் முக்கியமானவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் உடலியற் பேராசிரியர் டேவிட் மக்கே. வங்காளத்துச் சிறைக்கைதிகளுக்கு அளிக்கப்பட்ட உணவை ஆராய்ந்தவர் அவர். 1912இல் வெளிவந்த அவருடைய நூல், இந்தியாவின் மக்களினங்களைப் புரத அளவின்படி வரிசைப்படுத்தியது. கோதுமையும் பாலும் இறைச்சியும் உண்ணும் பஞ்சாபியும் பட்டாணியரும் உயரத்தில். அரிசி உண்ணும் வங்காளி தாழ்வில். உடல் வலு மட்டுமன்று, துணிவும் ஆண்மையும் போர்க்குணமும்கூடப் புரதத்தைப் பொறுத்தவை என்பது அவர் வாதம். வங்காளத்தை அக்காலத்தில் தின்றுகொண்டிருந்த மலேரியாவும் கொக்கிப்புழுவும் வறுமையும் அந்த வரிசையில் உரிய இடம் பெறவில்லை.

இது வெறும் புத்தக விவகாரம் அன்று. 1857 கிளர்ச்சிக்குப் பின்னர் பிரித்தானியர் தம் இந்தியப் படைக்குப் பஞ்சாபிலும் நேபாளத்திலும் ஆட்சேர்ப்பதையே விரும்பினர். ஒரு காலத்தில் அவர்களுக்காகப் போரிட்டுத் தென்னிந்தியாவைப் பிடித்துக் கொடுத்த சென்னைப் படையணிகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. போர்க்குல மக்கள், போர்க்குலம் அல்லாத மக்கள் என்ற பாகுபாடு முதலில் வந்தது. அதற்கான விஞ்ஞானம் பின்னாலே வந்தது. தீர்ப்பை எழுதிவிட்டுச் சாட்சியைத் தேடுவது என்பார்களே, அதுபோல.

மக்கே போன்றோரின் கருத்து ஆட்சியாளரிடம் மட்டும் நின்றுவிடவில்லை. ஆளப்பட்டோரும் அதனை நம்பினர். ஆங்கிலேயன் நம்மை ஆள்வது அவன் இறைச்சி உண்பதால்தான் என்ற எண்ணம் குஜராத்தில் பள்ளிச் சிறுவர்கள் வாயில் பாட்டாகவே வழங்கியது. அதனை நம்பி இளம்வயதில் ஒளித்து ஆட்டிறைச்சி உண்ட கதையைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கின்றார்.

பின்னர் நீலகிரியின் குன்னூரில் ரொபேட் மக்காரிசன் எலிகளை வைத்து நடத்திய சோதனைகள் புகழ்பெற்றன. இந்தியாவின் வெவ்வேறு மக்களின் உணவை எலிக்கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்ததில், சீக்கியர் உணவு உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. சென்னை மாகாணத்து உணவு உண்டவை கடைசியில் நின்றன. நம்மவர் உணவுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா எனத் தோன்றும். ஆனால் மக்காரிசன் சொன்னதைச் சரியாகக் கேட்க வேண்டும். அவர் காட்டிய சீக்கியர் உணவில் இறைச்சி எப்போதாவது சேர்வது; முழுக்கோதுமை, பால், மோர், பருப்பு, பச்சைக் காய்கறி என்பனவே அதன் உயிர். தென்னாட்டு உணவின் குறை அரிசி என்பதன்று. ஆலையில் தீட்டித் தவிடு போக்கிய அரிசியும், பாலும் கீரையும் அருகிப்போன தட்டுமே குறை. இந்த நுட்பம் பொதுமக்கள் காதுக்கு வந்து சேருமுன் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. ‘சோறு தின்பவன் மெலிந்தவன்’ என்ற ஒற்றை வரி மட்டும் கப்பலேறியது.

சலாபத்தில் நின்ற இரு கூட்டத்தார்

மக்கேயின் நூல் வெளிவந்த அதே 1912ஆம் ஆண்டு, வளைகுடாவின் முத்துத் தொழில் வரலாற்றில் பெருஞ்செழிப்பு ஆண்டாக நினைவுகூரப்படுகின்றது. எண்ணெய் என்ற பேச்சே இல்லாத காலம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய அதிகாரி லொறிமர் தொகுத்த விவரத்தின்படி வளைகுடா முழுவதிலும் ஏறத்தாழ 4,500 படகுகளும் 74,000 பேரும் முத்துக்குளிப்பில் ஈடுபட்டிருந்தனர். இன்றைய ஐக்கிய அரபு அமீரகத்தின் கரையிலிருந்து மட்டும் புறப்பட்டவர்கள் 22,000 பேர்.

கோடையில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் அவர்கள் கடலிலேயே கிடந்தனர். மூக்கில் ஒரு கிட்டி, காலில் கல், கழுத்தில் கூடை. மூச்சை அடக்கி ஒருவன் ஒரே நாளில் ஐம்பது தடவைக்கும் மேலாக இறங்கி ஏறுவான். மனித உடலால் செய்யக்கூடிய வேலைகளிலே இதைவிடக் கடினமானது அதிகம் இல்லை. இந்த மனிதன் என்ன உண்டான்?

விடியற்காலையில் சில பேரீச்சம்பழங்களும் சிறு கிண்ணத்தில் கோப்பியும். பகலில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வயிறு நிறைந்திருந்தால் மூச்சை அடக்க இயலாது. பொழுது சாய்ந்து தொழுகை முடிந்த பின்னரே சோறும் மீனும் பேரீச்சம்பழமும். அந்தச் சோற்றின் அரிசி எங்கிருந்து வந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பாலைவனத்தில் நெல் விளையாது. பேரளவில் அது இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்தது. கல்கத்தாத் துறைமுகத்திலிருந்தும் வந்தது. எந்த அரிசி வங்காளியைக் கோழையாக்கியது என்று கல்கத்தாவில் ஒரு பேராசிரியர் எழுதிக்கொண்டிருந்தாரோ, அதே அரிசியை உண்டு வளைகுடாவின் மனிதர் கடலடியில் இறங்கிக்கொண்டிருந்தனர்.

நம் மன்னார்க் கடலும் இக்கதையில் இடம்பெறுகின்றது. சிலாவத்துறைக்கும் மறிச்சுக்கட்டிக்கும் அப்பால் விரிந்த முத்துச் சலாபத்திற்கு அந்த ஆண்டுகளில் வளைகுடாவிலிருந்து அராபியக் குளியாட்கள் பெருந்தொகையாக வந்தனர். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. கீழக்கரையிலும் தூத்துக்குடியிலும் இருந்து வந்த தமிழ்க் குளியாட்களும் அராபியரும் ஒரே மணல்வெளியில் குடிசை போட்டு, ஒரே கடலில் இறங்கினர். அராபியர் நம்மவரிலும் கூடுதலான நேரம் நீரடியில் நின்றனர் என்று அக்கால அறிக்கைகள் கூறுகின்றன. ஆனால் இரு கூட்டத்தாரும் உண்டது சோறும் மீனுமே. வேறுபாடு பழக்கத்தில் இருந்தது; தொழில் நுணுக்கத்தில் இருந்தது; ஒரு மூக்குக் கிட்டியில்கூட இருந்திருக்கலாம். இறைச்சியில் இருக்கவில்லை.

இதனால் முத்துக்குளித்தவர் வாழ்வு நலமுடையது என்று நான் சொல்ல வரவில்லை. பச்சைக் காய்கறி காணாத மாதங்களில் அவர்களுக்குப் பல் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கேவி நோய் வந்தது. காதுகள் கெட்டன, கண்கள் கெட்டன. அதைவிடக் கொடியது கடன். பருவம் தொடங்குமுன் நகுதா கொடுத்த முற்பணமும், படகில் உண்ட அரிசியின் விலையும் கணக்கில் ஏறின. பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் தீர்ந்திருக்காது. தந்தை இறந்தால் மகன் அதே படகில் ஏறிக் கடனைச் சுமக்க வேண்டிய வழக்கமும் இருந்தது. 1920களில் பஹ்ரெய்னில் அதற்கு எதிராகச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. பின்னர் 1929இன் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் யப்பானியர் வளர்த்த செயற்கை முத்தும் அந்தத் தொழிலையே விழுத்தின. 1938-39இல் குவைத்துக்காரருடன் பாய்க்கப்பலில் பயணம் செய்து அவர்களுடைய முத்துப்படகுகளையும் பார்த்த அவுஸ்திரேலிய மாலுமி அலன் வில்லியர்ஸ், அந்த உழைப்பின் கொடுமையையும் உணவின் வறுமையையும் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

கூட் முற்றுகையும் பாலைவனப் பயணமும்

வளைகுடாவின் தலைப்பக்கத்தில், ஈராக்கின் தைகிரிஸ் நதிக்கரையில் உள்ள கூட் அல் அமாரா நகரில் 1915 டிசெம்பர் முதல் 1916 ஏப்ரல் 29 வரை பிரித்தானிய இந்தியப் படை ஒன்று துருக்கியரால் முற்றுகையிடப்பட்டுக் கிடந்தது. போர் வரலாற்றில் அது பெருந்தோல்வி. உணவு வரலாற்றிலோ தற்செயலாக நடந்த ஒரு பெருஞ்சோதனை.

உள்ளே இருந்த வெள்ளையர் குதிரை இறைச்சியும் வெள்ளை மாவுப் பாணும் உண்டனர். இந்தியச் சிப்பாய்களோ தவிடு நீக்காத ஆட்டா மாவை உண்டனர். குதிரை இறைச்சியைப் பெரும்பாலோர் நீண்ட நாள் தொட மறுத்தனர். புரதக் கணக்கின்படி இறைச்சி உண்டவர் நலமாகவும் மறுத்தவர் நலிவாகவும் இருந்திருக்க வேண்டும். நடந்தது அதுவன்று. இறைச்சி உண்ட வெள்ளையரிடையே கால் வீங்கி நரம்பு தளரும் பெரிபெரி கண்டது. ஆட்டா உண்ட இந்தியருக்கு அது வரவில்லை. ஆனால் ஸ்கேவி அவர்களை வாட்டியது. வெள்ளை மாவு தீர்ந்து, வெள்ளையருக்கும் பார்லியும் ஆட்டாவும் கொடுக்க நேர்ந்தபோது அவர்களுடைய பெரிபெரி தணிந்தது. எவர் தட்டிலும் குறைந்தது புரதம் அன்று. ஒரு பக்கம் தவிட்டில் இருக்கும் விற்றமின், மறு பக்கம் பச்சை உணவில் இருக்கும் விற்றமின். ‘போர்க்குல’ப் பஞ்சாபியும் வீழ்ந்தான், இறைச்சி உண்ட ஆங்கிலேயனும் வீழ்ந்தான்.

இன்னொரு சாட்சியையும் சொல்லலாம். 1946க்கும் 1948க்கும் இடையில் ஆங்கிலேயரான வில்பிரட் தெசிகர், ரஷீத் குலத்துப் பதவியருடன் ‘வெற்று நிலம்’ எனப்படும் பெரும் பாலையை இருமுறை ஒட்டகத்தில் கடந்தார். இன்று அபுதாபியைச் சேர்ந்த லிவா ஈச்சஞ்சோலைகளின் பக்கம் அந்தப் பயணங்கள் சென்றன. நாளுக்கு ஓரிரு பிடி மாவில் சுட்ட ரொட்டி, சில பேரீச்சம்பழம், கிடைத்தால் ஒட்டகப்பால். இறைச்சி என்பது எப்போதாவது வரும் திருநாள். அந்த மனிதரின் தாக்குப்பிடிக்கும் ஆற்றலை வியந்து தெசிகர் எழுதிய நூல் 1959இல் வெளிவந்தது. ஆனால் அவர்களைப் பசி வாட்டியதையும் அவர் மறைக்கவில்லை.

எண்ணெயிலிருந்து புரதம்!

1950களிலும் 60களிலும் இந்தக் கோட்பாடு புதிய வேடம் பூண்டது. ஆபிரிக்காவில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1930களில் விவரித்த குவாசியோர்கர் என்னும் குழந்தை நோய், புரதக் குறைவால் வருவது எனக் கொள்ளப்பட்டது. வறிய உலகம் முழுவதும் ஒரு ‘புரதப் பள்ளம்’ வாய்பிளந்து நிற்கின்றது என்றனர். 1968இல் ஐக்கிய நாடுகள் சபை, வரப்போகும் புரத நெருக்கடியைத் தடுக்கும்படி உலகை எச்சரித்து அறிக்கை வெளியிட்டது. மீனை அரைத்து மாவாக்கினர், சோயாவைப் பாலாக்கினர். இலங்கையில் 1973இல் தொடங்கிய திரிபோஷா மாவும் அந்தக் காலத்தின் பிள்ளையே. சோளம், சோயா, பால்மா கலந்த அந்தப் பொதியைக் கிளினிக்கில் வாங்கி உருண்டை பிடித்துக் கொடுத்த தாய்மார் நம்மிடையே பலர் இருக்கின்றார்கள். அது பயன் தந்தது உண்மை. ஆனால் அதில் புரதம் மட்டும் இருக்கவில்லை. வயிற்றை நிறைக்கும் சோளமும் இருந்தது.

எல்லாவற்றிலும் விசித்திரமானது வேறொன்று. பிரான்சின் மார்செய் நகருக்கு அருகே லவேராவில், பிரிட்டிஷ் பெற்றோலியம் கம்பனியின் சுத்திகரிப்பு நிலையத்தில் அல்பிரட் சம்பாஞா என்ற ஆய்வாளர் கச்சா எண்ணெயின் மெழுகுப் பகுதியில் ஈஸ்ட் நுண்ணுயிரை வளர்த்துப் புரதம் எடுத்தார். மண்ணெண்ணெயும் டீசலும் தரும் பொருளிலிருந்து உலகின் பசியைத் தீர்க்கலாம் என்று பேசப்பட்டது. கால்நடைத் தீவனமாக அது விற்பனைக்கும் வந்தது. 1973இல் எண்ணெய் விலை நாலு மடங்கு ஏறியதும் அந்தக் கனவின் கணக்குப் பிழைத்தது. சார்டீனியாத் தீவில் கட்டிய பெரிய தொழிற்சாலை, சுகாதார ஐயங்களும் சேர்ந்துகொள்ள, இயங்காமலே மூடப்பட்டது. எண்ணெய் உணவாகும் வழி அடைபட்ட அதே விலையேற்றத்தால்தான் வளைகுடாவில் கட்டடங்கள் எழுந்தன. நம்மவர் விமானமேறிப் போய் அங்கே உழைத்து, அந்த எண்ணெயை வேறு வழியாக ஊர்ச் சோறாக்கினர்.

புரதப் பள்ளத்தை மூடியவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழர். சேலத்தில் பிறந்து, சென்னையில் மருத்துவம் பயின்று, குன்னூர் ஆய்வுகூடத்தில் தொழிலைத் தொடங்கி, அது ஐதராபாத்துக்கு மாறிய பின்னர் அதன் தலைவரான டாக்டர் சி. கோபாலன். ஒரே ஊரில், ஒரே உணவை உண்ணும் குழந்தைகளில் ஒன்றுக்குக் குவாசியோர்கரும் மற்றொன்றுக்கு வெறும் மெலிவும் வருவதை அவர் எடுத்துக் காட்டினார். 1973இல் அவரும் தோழர்களும் வெளியிட்ட ஆய்வில், மெலிந்த ஏழைக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 310 கலோரி மேலதிகமாகக் கொடுக்கப்பட்டது. அதில் புரதம் வெறும் மூன்று கிராம். குழந்தைகள் உயர்ந்தனர், நிறை கூடினர். அவர்களுக்குக் குறைந்திருந்தது விசேட மாவு அன்று, போதிய சாப்பாடு. வயிறு காய்ந்த உடல் தான் உண்ட புரதத்தையே விறகாக எரித்துவிடும். வயிற்றை நிரப்பினால் அந்தப் புரதம் வளர்ச்சிக்கு மிஞ்சும். 1974இல் பெய்ரூத்தின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டொனால்ட் மக்லாரன், ‘லான்செற்’ மருத்துவ ஏட்டில், புரத நெருக்கடி என்ற பேரியக்கமே ஒரு பெருந்தவறு என்று வெளிப்படையாக எழுதினார். கோபாலன் 2019இல் தமது நூறாவது வயதில் காலமானார். நம் பாடநூல்களில் அவர் பெயரைக் காணாதது வருத்தத்துக்குரியது.

ஊசல் மறுபக்கம் அதிகம் ஆடியதும் உண்டு. 1973இல் வெளியான சர்வதேச அளவுகள் புரதத் தேவையை மிகவும் தாழ்த்தின. பின்னர் அவை உயர்த்தப்பட்டன. 2007இன் அளவுப்படி வளர்ந்த ஒருவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் போதும். கருவுற்ற தாய்க்கும், பாலூட்டுபவருக்கும், வளரும் பிள்ளைக்கும், காயம் ஆறுபவருக்கும் கூட வேண்டும். முதியவர்கள் சற்றுக் கூட உண்பது நல்லதென்று பல மருத்துவர் கருதுகின்றனர். 60 கிலோ நிறையுள்ள ஓர் ஆணுக்குக் கணக்கு ஐம்பது கிராம். சமைக்காத அரிசி 400 கிராமில் ஏறத்தாழ 28 கிராமும், பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராமும் உண்டு. அரிசியில் குறைந்த கூறு பருப்பில் இருக்கின்றது. பருப்பில் குறைந்தது அரிசியில் இருக்கின்றது. நம் பாட்டிமார் எந்த ஆய்வுகூடத்தையும் கேளாமல் இரண்டையும் ஒரே தட்டில் போட்டனர். ஒரு கீரியோ சூடையோ சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மெஸ் கணக்கு

முத்து மறைந்து எண்ணெய் வந்த பின்னர் வளைகுடாவின் கம்பனி நகரங்களில் மனிதர் நாட்டுவாரியாகப் பிரித்தே குடியமர்த்தப்பட்டனர். குவைத்தின் அஹ்மதியிலும் சவூதியின் தஹ்ரானிலும் வெள்ளையருக்கு ஒரு பகுதி, இந்தியர் பாகிஸ்தானியருக்கு ஒரு பகுதி, அராபியத் தொழிலாளருக்கு ஒரு பகுதி. எந்த நாட்டான் என்ன கூலிக்கு உரியவன், எந்த வேலைக்கு உகந்தவன் என்ற எண்ணங்கள் அந்த வேலிகளோடு சேர்ந்து நின்றன. நான் போன காலத்தில் வேலிகள் அவ்வளவு வெளிப்படையாக இல்லை. ஆனால் எங்கள் கேம்பில் யார் எந்த மெஸ்ஸில் உண்பது என்பது கடவுச்சீட்டைப் பார்த்தே தீர்மானமாயிற்று.

வெயிலைப் பற்றி இன்று அறிவு வளர்ந்திருக்கின்றது. ஐக்கிய அரபு அமீரகம் 2005இல் கோடைக்கால நண்பகல் வேலைக்குத் தடை கொண்டுவந்தது. கட்டாரில் இறந்த நேபாளத் தொழிலாளரைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, கோடை மாதங்களில் இருதய நோயால் நேர்ந்த இறப்புகள் கூடியதை வெப்பத்தோடு இணைத்துக் காட்டியது. அவர்களில் பலர் நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்.

சாரக்கட்டிலிருந்து விழுந்த எமது நண்பரிடம் திரும்புவோம். அன்றிரவு அவர் கட்டிலின் அடியிலிருந்த கொப்பியைத் தற்செயலாகக் காண நேர்ந்தது. முகவருக்குக் கொடுக்க ஊரில் வட்டிக்கு வாங்கிய பணம் ஒரு பக்கம் எழுதப்பட்டிருந்தது. மறு பக்கம் மெஸ் கணக்கு. எங்கள் மெஸ்ஸில் உண்ட வேளைக்குத்தான் காசு பிடிப்பார்கள். உண்ணாத வேளைக்கு நேரே அவர் ஒரு சிறு கோடு போட்டிருந்தார். இரண்டு மாதமாகக் காலையிலும் மதியத்திலும் கோடுகளே நிறைந்திருந்தன. காலையில் ஒரு தேநீர், பகலில் யாரேனும் கொடுக்கும் பாதிக் குபூஸ், இரவில் சோறு. இப்படி மிச்சம் பிடித்து வட்டி கட்டியிருக்கின்றார். அந்தக் கோடுகளைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல ஆண்டுகள் கழித்து முத்துப்படகுகளின் கடன்கணக்கைப் படித்தபோதுதான் அவை நினைவுக்கு வந்தன.

அறையில் இருந்த எட்டுப் பேரும் காசு சேர்த்து அவருடைய மெஸ் கணக்கை ஏற்றுக்கொண்டோம். தண்ணீரில் உப்பும் சீனியும் கரைத்துப் போத்தலில் கொடுத்துவிட்டோம். இறைச்சி வாங்க எவரிடமும் வசதி இருக்கவில்லை. மெஸ்ஸிலும் வெள்ளிக்கிழமை தவிர இறைச்சி இல்லை. மூன்று வாரத்தில் அவர் மறுபடியும் இரண்டாம் தட்டில் ஏறி நின்று கம்பி கட்டினார். அதே வெயில், அதே சோறும் பருப்பும், நாளுக்கு மூன்று வேளை.